ஐம்பத்து நான்கு டிகிரிக்கு என்ன நிறம்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மன் கோயில் வாசலில் ஒய்.பி. ஆடினார்.

ஆமாம்... எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரேதான். பட்டு வேட்டி, தோளில் துண்டு, பின்னால் இரண்டு உதவியாளர்கள். காரை விட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றினார். நான்கு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் ஒரு குதி. ஆறாவதில் ஒரு சுற்று. அப்புறம் இடது கால், வலது கால், இடது கால், வலது கால்... வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஹா... ஹூ..." என்று பந்தலுக்குள் பாய்ந்தார்.

உறுமி மேளக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வேகத்தைக் கூட்டினார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "ஒய்.பி.க்கு அருள் வந்திருச்சு!" என்று ஒரு குரல். யாரோ ஓடிவந்து எலுமிச்சம்பழத்தை நறுக்கி நீட்டினார்கள். பாவம் மனிதர், அதை வாங்கி உள்ளங்காலில் தேய்த்துக்கொண்டார்.

எனக்குத்தான் உண்மை தெரியும். அது அருள் இல்லை. ஐம்பத்து நான்கு டிகிரி செல்சியஸ்!

எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தத் தார் ரோடு எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு சுடும் என்று வண்ணப் படமாகவே வரைந்து வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில். விஞ்ஞானிகள் பயன்படுத்துகிற சாப்ட்வேரில். நானே... இந்த ஒற்றை விரலால் தட்டித் தட்டி!

சிரிக்காதீர்கள். இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் படிப்பு என்னவென்று தெரியும். எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. அதிலும் கடைசி வருடம் பாதி நாள் வெளிக்காட்டு வேலையில்தான். அந்த ஆள்தான் இன்று ஜெலாப்பாங்கில் சொந்தமாகக் கார் ஸ்பிரே பட்டறை வைத்திருக்கிறான். கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம் என்று வெயிலில் வெளுத்துப்போன காரைக் கொண்டுவாருங்கள். நிறம் பார்க்கிற மெஷின் மூன்று தடவை தப்பாகச் சொல்லும். நான் ஒரு தடவை பார்ப்பேன். கலப்பேன். அடிப்பேன். எங்கே இடித்தது என்று இடித்தவனே வந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஈப்போ வட்டாரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நிறத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது... இரண்டு மாதத்துக்கு முன்பு வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் என் மனைவி லெட்சுமியின் பாதத்தில் ஆரம்பிக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு நெஞ்சைத் திறந்து ரத்தக் குழாய் மாற்றினார்கள். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே லெட்சுமி ஒரு வேண்டுதல் வைத்தாள். நான் எழுந்து நடந்தால் ஐந்து வருடம் பால்குடம் எடுப்பதாக. நான் எழுந்து நடந்தேன். நடந்ததோடு நிற்காமல், சீக்கிரமே பட்டறைக்குப் போய் எல்லாரையும் திட்டவும் ஆரம்பித்துவிட்டேன். ஆக, அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். பாக்கி லெட்சுமி பங்கு.

அவளுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. பல வருடமாக. உள்ளங்காலில் உணர்ச்சி போய்விட்டது. முள் குத்தினாலும் தெரியாது.

போன வருடம் இரண்டாவது குடம். ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை ஒன்றரைக் கிலோமீட்டர். வெறுங்கால், தார் ரோடு, உச்சி வெயில். மற்றவர்கள் எல்லாம் துள்ளித் துள்ளிப் புல்லோரமாக ஒதுங்கினார்கள். லெட்சுமி மட்டும் நடு ரோட்டில், முகம் கோணாமல், நேராக நடந்தாள். "என்னா பக்தி, பாருங்கலா!" என்று ஊரே மெச்சியது. நானும் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெருமையாக நடந்தேன் — செருப்போடு.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். அது அவளுக்கே தெரியவில்லை! மூன்று மாதம் கட்டு மாற்ற அலைந்தோம். ஒரு விரல் போகிற நிலைமைக்கு வந்து, போகாமல் நின்றது. "அடுத்த தடவ இப்படி ஆனா விரலோட நிக்காது, அங்கிள்" என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

இந்த வருடம் மூன்றாவது குடம். நிறுத்த முடியுமா? முயன்று பார்த்தேன்.

"ஒரு வருசம் விட்டுட்டு எடுக்கலாம்ல?"

"ஒங்க நெஞ்சு ஒரு வருசம் விட்டுட்டா துடிக்குது?"

"சரி, சாக்ஸாவது போட்டுக்க."

"சாக்ஸ் போட்டுக்கிட்டு பால்குடமா? நான் என்னா பந்து வெளையாடவா போறேன்?"

முடிந்தது. லெட்சுமியை மாற்ற முடியாது. சரி... நேரத்தை மாற்றலாம் அல்லவா? காலை ஏழு மணிக்கு ஊர்வலம் கிளம்பினால் ரோடு சில்லென்று இருக்கும். கோயில் நோட்டீஸிலும் காலை மணி 7.00 என்றுதான் அச்சடிக்கிறார்கள். ஆனால் அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரி — 'ஒய்.பி. அவர்களின் வருகைக்குப் பின்'. முதல் குடத்தை அவர்தான் தூக்கிக் கொடுக்க வேண்டும். அது வழக்கம். அவர் பதினொரு மணிக்கு முன்னால் வந்ததே இல்லை. அதுவும் வழக்கம்.

அந்த ஒரு வரியை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

கோயில் தலைவர் முனியாண்டியிடம் போனேன். பள்ளி பஸ் ஓட்டுகிறவர். நானும் அவரும் ஒரே எஸ்டேட்டுப் பிள்ளைகள்.

"தலைவரே, ரோடு கொதிக்குதுலா. ஒய்.பி.க்கு காத்திருக்காம ஏழு மணிக்கே கெளம்பிருவோம்."

"அது மரியாதையா இருக்குமா? முன்னால தண்ணி லோரி போகுதே... அப்புறம் என்னா சூடு?"

"அந்தத் தண்ணி கொஞ்ச நேரத்துல காஞ்சிருது, தலைவரே."

"அதெல்லாம் ஒங்க நெனப்பு. எவ்ளோ சூடுன்னு நீங்க அளந்தா பாத்தீங்க?"

அளந்தா பாத்தீங்க! கேட்டாரே ஒரு கேள்வி... யாரிடம் கேட்கிறார்?

எங்கள் பட்டறையில் பெயிண்ட் அடித்த கதவை, பானெட்டை எல்லாம் ஓவனில் வைத்துச் சூடாக்கிக் காய வைப்போம். அந்தச் சூட்டைத் தொடாமலே அளக்க ஒரு கருவி உண்டு. பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரி இருக்கும். குறி வைத்து விசையை அமுக்கினால் டிகிரி காட்டும். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டேன்.

முதலில் காதர் பாய் கடை. லகாட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். நாற்பது வருடச் சிநேகிதம். துப்பாக்கி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவருடைய ரொட்டிக் கல்லைக் குறி வைத்தேன்.

"கல்லு சூடு பாக்க நாலு சொட்டுத் தண்ணி தெளிச்சா போதும்லா. இதுக்கு எதுக்கு பிஸ்தல்?"

"ரோட்டுக்கு, பாய்."

"ரோட்ட சுடப் போறீங்களா? அது ஒங்கள என்னா செஞ்சிச்சு?"

"என் பொண்டாட்டி கால சுட்டிச்சு."

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ ஒன்றை என் முன்னால் வைத்தார்.

ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை ஐம்பது அடிக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. நூறு கோடு வந்தது. கப்சாய் மோட்டார் சைக்கிளில் போய், ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தி, ரோட்டைச் சுட்டு, நோட்டில் எழுதினேன். காலை ஏழு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை மணிக்கு ஒரு சுற்று. எட்டுச் சுற்று, எண்ணூறு எண்! மதியம் ரோடு காட்டிய சூட்டைப் பார்த்து எனக்கே திக்கென்றது. எங்கள் ஓவனில் பெயிண்டை வேகவைக்க அதைவிடக் கொஞ்சம்தான் கூட வைப்போம்.

எண்ணூறு எண்ணையும் அப்படியே கமிட்டியில் நீட்டினால் யார் படிப்பார்கள்? கோலாலம்பூரில் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தரும் என் மகள் கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"எண்ண எல்லாம் கலரா மாத்திரலாம்பா. நாங்க லேப்ல அப்படித்தான் பாப்போம்."

கலரா! அது நம் வீட்டுச் சமாச்சாரம் அல்லவா?

சாப்ட்வேர் இலவசமாம். அவளே தூரத்திலிருந்து என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். ஆனால் வரி வரியாகக் கட்டளை எழுத வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனால் போதும்... மேனேஜர் துரை மாதிரி ஒரு பக்கத்துக்குத் திட்டும். பத்து நாள் வீடியோ காலில் பாடம். பதினோராவது நாள் படம் வந்தது பாருங்கள்! குறுக்கே தூரம் — ஆறு முதல் கோயில் வரை. நெடுக்கே நேரம் — ஏழு முதல் இரண்டு வரை. ஒவ்வோர் அளவும் ஒரு சின்னக் கட்டம். சூட்டுக்குத் தகுந்த நிறம். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்கிற அந்தப் பட்டியலுக்குப் பெயர் கலர் மேப்.

நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் சாப்ட்வேர் தானே ஒரு கலர் மேப்பைப் போட்டுக்கொள்கிறது. கருநீலத்தில் தொடங்கி, பச்சை வழியாக, படிப்படியாக வெளிச்சமாகி, பளிச்சென்ற மஞ்சளில் முடியும். கருநீலம் என்றால் குளிர்ச்சி. மஞ்சள் என்றால் கொதிப்பு. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் புரியும், கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் கெடாது என்று கவிதா சொன்னாள். உண்மைதான். எங்கேயும் துருத்தாமல், எங்கேயும் அமுங்காமல் ஒரே சீராக ஏறுகிறது. கலந்தவன் கைகாரன்! நான் ஒருவரைச் சுலபத்தில் பாராட்ட மாட்டேன், உங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு கமிட்டிக் கூட்டம். படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். நோட்டீஸ் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம். வெற்றி நமதே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முனியாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடா... பதினோரு மணிக்கு மேல ஊர்வலப் பாத பூரா மஞ்சள்! மங்களகரமா இருக்குலா! பாருங்க, ஏழு மணி பக்கம் ஒரே இருட்டு. அம்மன் சம்மதம் சொல்லிட்டா. பழைய நேரந்தான்."

எல்லாரும் கைதட்டினார்கள்.

"தலைவரே! மஞ்சள்னா சூடு! எந்தக் கலர் எவ்ளோ சூடுன்னு பக்கத்துல பட்டையா எழுதிப் போட்டிருக்கேனே!"

"அதெல்லாம் யாருலா படிப்பா?"

விடுவேனா? வீட்டுக்கு வந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஆயத்தமாக இருக்கிற கலர் மேப் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டு என்று கவிதாவிடம் கேட்டேன். காட்டினாள். என்ன சொல்வேன்... பெயிண்ட் கம்பெனிக்காரன் புது கலர் கார்டு கொண்டுவந்து விரித்த மாதிரி, வரி வரியாக, எத்தனை எத்தனை! ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெயருக்குப் பின்னால் சின்னதாக ஒரு வால் ஒட்டினால் அப்படியே தலைகீழாகிவிடும். சுட்டது குளிரும், குளிர்ந்தது சுடும்! அன்று சாயங்காலம் முழுக்க நான் ரோட்டைக் கடலாக்கினேன், காடாக்கினேன், பஞ்சுமிட்டாயாக்கினேன். லெட்சுமி மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டாள்.

வானவில் ஒன்றும் இருந்தது. பார்க்க அழகு. ஆனால் நடுவில் வருகிற மஞ்சள், மேலே இருக்கிற சிவப்பைவிடப் பளிச்சென்று இருக்கிறது. அரைச் சூட்டு இடத்தில்தான் கண் போய் நிற்கும். பொய் சொல்கிற நிறம். ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டேன். கவிதாவே அசந்து போனாள். "எங்க டிபார்ட்மெண்ட்டுல இதுக்கு ஒரு மணி நேரம் லெக்சர் குடுப்பாங்கப்பா" என்றாள். நான் லெக்சருக்குப் பணம் கேட்கவில்லை.

கடைசியில் வெள்ளையில் ஆரம்பித்து இரத்தச் சிவப்பில் முடிகிற ஒன்றை எடுத்தேன். சிவப்பு என்றால் ஆபத்து. டிராபிக் லைட்டிலிருந்து தீயணைப்பு லோரி வரை எல்லாம் அதுதானே? சிவப்பு யாருக்குப் புரியாது?

இரண்டாவது வெள்ளி. படத்தை ஒட்டினேன். மாதர் பிரிவுத் தலைவி பார்வதி அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்படியே அம்மன் பொடவ மாதிரி இருக்குங்க அண்ணே! இந்தக் கட்டம் போட்ட டிசைன்லயே பந்தலுக்குத் துணி எடுக்கலாமா?"

முனியாண்டி, "குங்குமத்த அள்ளித் தூவுன மாதிரி இருக்கு... நோட்டீஸ் அட்டைல போட்டுருவோம்!" என்றார்.

எனக்கு நெஞ்சு வலி மறுபடியும் வந்துவிடும் போல இருந்தது.

மஞ்சள் மங்களம். சிவப்பு குங்குமம். அப்போது இவர்கள் பயப்படுகிற நிறம் எது? கறுப்பு! தார் ரோடும் கறுப்பு, தீய்ந்ததும் கறுப்பு. இரண்டே நாளில் நானே ஒரு கலர் மேப் எழுதினேன். ஆயத்தமானது இல்லை... சொந்தச் சரக்கு! ஒரு நிறத்துக்கு ஆறு எழுத்தில் ஒரு நம்பர். எங்கள் டின் மூடியில் ஒட்டியிருக்கும் ஃபார்முலா நம்பர் மாதிரித்தான். இந்த நம்பரில் தொடங்கு, அந்த நம்பரில் முடி என்று இரண்டை மட்டும் கொடுத்தால் போதும். நடுவில் இருக்கிற இருநூற்றுச் சொச்சம் நிறத்தையும் அதுவே கலந்துகொள்கிறது. சிந்தாமல், தின்னர் நாற்றம் இல்லாமல்! துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

அதை ஒட்டலாமா என்று கேட்க, செவ்வாய்க்கிழமையே முனியாண்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். பஞ்சாங்கத்தை எடுத்து அதன்மேல் வைத்து மூடினார்.

"ஒங்களுக்கு என்னாலா ஆச்சு? நல்ல காரியத்துல கறுப்பா? மொதல்ல இத வெளிய கொண்டு போங்க!"

அன்று காதர் பாய் கடையில் உட்கார்ந்து புலம்பினேன்.

"என்னா பாய் இது! சூடு ஒண்ணுதான். நான் எந்த நெறத்துல சொன்னாலும் இவுங்களுக்கு வேற ஒண்ணுதான் தெரியுது."

"பின்ன? எங்கிட்ட அந்த மொதல் படத்தக் காட்டுனப்ப நான் என்னா நெனச்சேன் தெரியுமா? பிரியாணிக்கு மஞ்சள் கூடிப்போச்சுன்னு."

பாய் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் உண்மை அதுதான். பக்கத்தில் பட்டையாக விளக்கம் எழுதி வைத்தால் மட்டும் போதாது. நிறத்துக்கான விளக்கத்தை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தே தலைக்குள் வைத்துக் கொண்டுவருகிறார்கள். விஞ்ஞானி பாவம், கண்ணுக்குத்தான் நிறம் கலக்கிறான். ஆள் யாரென்று பார்த்துக் கலப்பது யார்?

வெள்ளிக்கிழமைக்கு மூன்றே நாள். அத்தோடு நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது.

வீட்டில் லெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து பாதத்துக்குக் கிரீம் தடவிக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு வேளை. டாக்டரம்மா உத்தரவு.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? அம்மன் இன்னும் எந்தக் கலருக்கும் பயப்படலயா?"

"கிண்டல் பண்ணாத. பயமுறுத்துற கலரே இல்ல இந்த ஊருல."

"ஒங்களுக்கு எந்தக் கலருக்குப் பயம்?"

"எனக்கா? நான் பாக்காத கலரா! எனக்கு எந்தக் கலருக்கும் பயமில்ல."

"அப்படியா... சின்னப் புள்ளையில கால்ல அடிபட்டுக் கிளினிக்குக்குப் போவீங்கள்ல? டிரசரு கால இறுக்கிப் புடிச்சிக்கிட்டு, ஸ்பிரிட்டுல தொடச்சிட்டு, அப்புறம் ஒண்ணு தடவுவாரே..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. என் கால் கட்டைவிரல் தானாக மடங்கியது!

ஊதா மருந்து.

எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஸ்டேட் கிளினிக்கில் புண்ணுக்கு மருந்து போடுகிறவர் டிரசர். அவர் பஞ்சில் தோய்த்து அப்புகிற அந்த ஊதா ஒரு வாரத்துக்குக் காலை விட்டுப் போகாது. ஊதாக் கால் என்றால் ஊரே கேட்கும் — "எங்கடா விழுந்த?" எங்கள் கமிட்டியில் அந்த ஊதாவைச் சுமக்காத கால் ஒன்று உண்டா? அது சாமி நிறமும் இல்லை, சாவு நிறமும் இல்லை. புண்ணின் நிறம்!

உடனே உட்கார்ந்தேன். எல்லை ஒன்று வேண்டும். இதுவரைக்கும் நடக்கலாம், இதற்கு மேல் காலை வைக்காதே என்று. மறுநாள் காதர் பாய் கடை வாசலில் ரோட்டில் உள்ளங்கையை வைத்து எண்ணிப் பார்த்தோம். ஐந்து வரை எண்ண முடியாத சூடுதான் எல்லை. எனக்கு நாற்பத்தெட்டு டிகிரி. பாய் பதினைந்து வரை எண்ணிக்கொண்டே போனார்... முப்பது வருடம் கல்லில் ரொட்டி புரட்டிய கை. அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சாப்ட்வேரில் அதற்கும் ஒரு வசதி இருக்கிறது. எல்லைக்குள் இருப்பதற்கு ஒரு கலர் மேப். எல்லையைத் தாண்டியதற்கெல்லாம் தனியாக ஒரே நிறம். நாற்பத்தெட்டு வரை இளம்பச்சை, வாழைக்குருத்து மாதிரி. தாண்டினால் ஊதா!

ஆனால் எந்த ஊதா? அங்கேதான் திணறினேன். டின்னில் பச்சையையும் சிவப்பையும் கலந்தால் சேறு மாதிரி பழுப்பு வரும். ஸ்கிரீனில் பச்சையையும் சிவப்பையும் கலந்தால் மஞ்சள் வருகிறது! வெளிச்சத்தைக் கலப்பது வேறு, பெயிண்ட்டைக் கலப்பது வேறாம். நாற்பது வருட அனுபவம் ஒரு நொடியில் தலைகுப்புற விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்! இந்த வயதில் முதலிலிருந்து நிறம் கற்றுக்கொள்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆறு எழுத்து நம்பரை மாற்றி மாற்றிப் போட்டேன். லெட்சுமியை எதிரில் உட்கார வைத்துக் காட்டினேன்.

"இது கத்திரிக்கா."

மாற்றினேன்.

"இது திராட்ச ஜூஸு."

மாற்றினேன்.

"இது கவிதா கல்யாணத்துக்கு நான் கட்டுன பொடவ. நல்லாத்தான் இருக்கு... ஆனா பயமா இல்ல."

சிவப்பைக் குறைத்து, நீலத்தை ஏற்றி, எல்லாவற்றையும் இருட்டாக்கினேன். நாற்பது தடவை இருக்கும். நாற்பத்தோராவது தடவை லெட்சுமி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தாள். மெதுவாக இரண்டு காலையும் இழுத்துக் கைலிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அதுதான்! அந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அச்சுக் கடையில் அது நீலமாக வந்தது. மறுபடி அடிக்கச் சொன்னேன். மறுபடியும். கடைக்காரச் சீனப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். "அங்கிள், சுடா சந்தேக் லா!" அழகாய் இருக்கிறதாம். எனக்கு அழகு எதற்கு? நான்காவது தாளில்தான் டிரசர் தெரிந்தார்.

மூன்றாவது வெள்ளி. சுருட்டிக் கொண்டுபோனதை ஒட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பதினோரு ஜோடிக் கால். பதினொன்றிலும் விரல் மடங்கி நாற்காலிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது!

முனியாண்டிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஐயோ... எவன்யா டிரசரு மருந்த ரோடு பூரா ஊத்தி வச்சது?"

பக்கத்தில் போனார். விரலை வைத்தார்.

"இந்த ஊதா எத்தன மணி?"

மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒரு மனிதர் மணியைக் கேட்கிறார்!

"பதினொன்னு, தலைவரே."

"இது?"

"பன்னெண்டு. போன வருசம் நாம நடந்த நேரம்."

"பச்ச?"

"ஏழு, எட்டு, ஒம்பது."

பார்வதி அக்கா படத்தைப் பார்க்கவில்லை. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த லெட்சுமியைத் திரும்பிப் பார்த்தார்.

"லெட்சுமி... போன வருசம் நீ நடு ரோட்டுலதான நடந்த? நாங்க எல்லாம் புல்லுக்கு ஓடிட்டோம். ஒனக்கு சுடலயா?"

"தெரியலக்கா. எனக்குத்தான் கால்ல ஒண்ணும் தெரியாதே."

முனியாண்டி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நோட்டீஸ் நகலை மேசையில் விரித்தார். அந்தப் பொடி எழுத்து வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"அப்ப ஒய்.பி.?" என்று யாரோ கேட்டார்கள்.

"வாரப்ப வரட்டும்லா. அம்மன் ஏழு மணிக்குக் கெளம்பிருவா."

கூட்டம் முடிந்து கலையும்போது பார்வதி அக்கா கேட்டார், "இந்தக் கலர எப்படிண்ணே புடிச்சீங்க?"

"அனுபவம்!" என்றேன். பின்னால் யாரோ இருமினார்கள்.

போன ஞாயிறு ஏழு மணிக்கு முந்நூறு குடமும் கிளம்பின. லெட்சுமி வழக்கம்போல நடு ரோட்டில், முகம் கோணாமல், நேராக நடந்தாள். இந்தத் தடவை நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நடந்தேன். ரோடு சில்லென்று இருந்தது. அவளுக்குத் தெரியாது, அதனால் வழி முழுக்க நான் சொல்லிக்கொண்டே போனேன். எட்டேகாலுக்குப் பால் ஊற்றியாகிவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு ஒய்.பி. வந்தார். ஆடினார். அவர் குதித்த இடத்தை என் துப்பாக்கியால் ஒரு சுடு சுட்டேன். ஐம்பத்து நான்கு. என் படத்தில் நல்ல அடர் ஊதா! பந்தலுக்குள் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முனியாண்டியின் கையைப் பிடித்தார்.

"தலைவரே, அடுத்த வருசம் நான் ஆறே முக்காலுக்கே வந்துர்றேன்."

நல்ல மனிதர். உணர்ச்சி உள்ள கால்.

வீட்டுக்கு வந்ததும் லெட்சுமியை உட்கார வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் பார்த்தேன். குதிகால், விரலிடுக்கு, ஓரம்... ஒன்று விடாமல்.

"என்னா இது, காருல கீறல் தேடுற மாதிரி?"

"பேசாம இரு. பழைய தழும்பு இருக்கு... புதுசா ஒண்ணும் இல்ல."

"இன்னும் ரெண்டு வருசம் இருக்குங்க."

"இருக்கட்டும். நானும் இருப்பேன்ல" என்றேன். டார்ச்சை அணைத்தேன்.

ஊர் முழுக்க இப்போது அந்த ஊதாவைப் பற்றித்தான் பேச்சு. கண்டுபிடித்தது நான்தான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்... லெட்சுமி இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. அதனால் உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.